பெயரில் ஐந்து கேள்விக்குறிகள்

சான் லாசரோ நகரத்தின் காணாமல் போனோர் அலுவலகத்தில் கணினி தெரிந்த ஒரே ஆள் ரொகேலியோ காஸ்த்ரோ. நல்ல மனுஷன், வந்தவர்களுக்கு முகம் கொடுத்துப் பேசுவான். அதனாலேயே பெட்ரா அம்மாள் வியாழன்தோறும் நேரே அவன் மேசைக்குத்தான் வருவாள். கழுத்தில் காணாமல் போன மகனின் படம் தொங்கும். கையில் சோளத்தோகையில் சுற்றி அவித்த தமாலேப் பலகாரப் பொட்டலம் இருக்கும்.

"இஞ்சினியர் தம்பி, என் பையன் பேரு வந்திச்சா?"

அவன் தட்டிப் பார்ப்பான். ஃபெர்மின் சூன்யிகா இபான்யெஸ். பிணவறைப் பட்டியலில் அப்படி ஒருவரும் இல்லை என்று திரை சொல்லும்.

"இல்லம்மா."

"அப்போ எங்கேயோ உயிரோடதான் இருக்கான். மூஞ்சியைத் தொங்கப் போடாதே, சாப்பிடு. துரும்பா இளைச்சிருக்கே."

இப்படியே மூன்று வருடம் போயிற்று.

பிணவறையில் இருந்தது ஒரு கிழட்டுக் கணினி. அது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. அலுவலகத்துப் புதுக் கணினிக்கு வேறு கணக்கு. அதை இதற்கு மாற்றித் தருவது, பெட்ரா அம்மாள் வரத் தொடங்கும் முன்பே ரொகேலியோ எழுதிய நிரல். ஆரம்பத்தில், புரியாத எழுத்து வந்தால் அது ‘பிழை’ என்று சொல்லி நின்றுவிடும். ஸ்பானிய மொழியில் தலையில் கோடும் சுழியும் போட்ட எழுத்துக்கா பஞ்சம்? தினமும் நின்றது.

"எப்போ பாத்தாலும் பாதியிலயே படுத்துக்குதே! நிக்காம ஓடுற வழியைப் பாருய்யா" என்று மேலதிகாரி பர்ரேரா கத்தினார்.

ரொகேலியோ ஒரே ஒரு வரி சேர்த்தான். புரியாத எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போ. தன் பெயரையே போட்டுச் சோதித்தான். அவன் பெயரில் கோடும் இல்லை, சுழியும் இல்லை, சுத்தமாக வந்தது. அவ்வளவுதான் சோதனை! அதற்குப் பிறகு அந்தப் பட்டியலை மனிதக் கண் எதுவும் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தணிக்கைக்காக அதை அச்செடுத்தான். எடுத்துப் பார்த்தால் பக்கமெல்லாம் கேள்விக்குறி. ஒரு பெயரில் மட்டும் ஐந்து. விட்டுப்போன எழுத்துகளை அவன் நிரப்பிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மூன்று வருடமாக வியாழன்தோறும் அவன் தட்டிய பெயர் அது; கோடும் சுழியுமாக அதில் ஐந்து எழுத்து. மூலப் பட்டியலைச் சரியான கணக்கில் மறுபடி மாற்றினான். காணாமல் போனோர் பட்டியலோடு நாற்பத்தொரு பெயர்கள் பொருந்தின.

விஷயத்தைச் சொன்னதும் பர்ரேரா கதவைச் சாத்தினார். "வாயைத் திறக்காதே. சிஸ்டம் கோளாறுன்னு எல்லாருக்கும் ஒரு கடுதாசி போட்டுடலாம். உன் வேலையாவது மிஞ்சும்."

ரொகேலியோ கதவைத் திறந்துகொண்டு போய்ப் பேருந்து ஏறினான். பெட்ரா அம்மாள் தன் வீட்டு முற்றத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வியாழன் அல்லாத நாளில், அதுவும் தன் வீட்டில் அவனைக் கண்டதும் கை நின்றது.

"பேரு வந்திருக்கும்மா."

"எங்கே?"

"அனாதைப் பிணங்களைப் புதைக்கிற பொதுக்குழியில. லாரி அடிச்சிருக்கு. சட்டைப் பையில அடையாள அட்டை இருந்திருக்கு."

"எப்போ?"

"காணாமப் போன அதே வாரம்."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்போ நான் வந்த வியாழக்கிழமை அத்தனையும்..."

"பேரு அங்கேயேதான் இருந்துச்சும்மா. என் ப்ரோகிராம் அதைச் சிதைச்சிடுச்சு. சிஸ்டம் கோளாறுன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. நான்தான்."

"மூணு வருஷம் என் கையால தின்னியேடா, பாவி!"

மாவுக்கையோடு அவன் நெஞ்சில் குத்தினாள். ஓய்கிற வரைக்கும் குத்தினாள். அவன் நகரவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை பேரு?"

"நாப்பது."

"அந்தத் தாய்மாருக்கும் நீயே போய்ச் சொல்லு. இதே மாதிரி, நேர்ல. கடுதாசி போட்டேன்னு தெரிஞ்சுது, உன்னைச் சும்மா விடமாட்டேன்."

போனான். ஐந்து வாரம் ஆயிற்று. சில வீடுகளில் அடித்தார்கள், ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அடியே தேவலாம் என்றிருந்தது. வேலை போயிற்று. பிறகு வேறு ஊர் நிறுவனங்களுக்கு நிரல் எழுதிப் பிழைத்தான். எதை எழுதினாலும் முதலில் ஃபெர்மினின் பெயரைத்தான் போட்டுச் சோதிப்பான்.

அந்த நவம்பரில், இறந்தோர் நாளன்று, கல்லறைத் தோட்டத்துக்கு அவனும் போனான். பெட்ரா அம்மாள் மகனுக்குக் கல் நட்டிருந்தாள். தள்ளி நின்றபடி கல்லில் வெட்டியிருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். ஐந்தும் சரியாக இருந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.