பம்பையைப் பரணில் ஏற்றிய கலியபெருமாள்

கலியபெருமாள் சாமி இல்லை என்று சொன்னது, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. மேடை போட்டுச் சொல்லவில்லை. யாரோடும் மல்லுக்கட்டிக்கொண்டும் சொல்லவில்லை. ஆடி மாசம் நெருங்குகிறதே என்று அமிர்தவல்லிதான் பேச்செடுத்தாள்.

"பம்பைக்குத் தோலு மாத்தணும்னு சொன்னியே, எப்பப் போற?"

அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "இனிமே அடிக்கறதா இல்ல. சாமின்னு ஒண்ணும் இல்ல அமிர்தம். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

அவளுக்குக் கையில் பிடித்த கரண்டி அப்படியே நின்றது. இருபத்தாறு வருஷம் அம்மனுக்குப் பம்பை அடித்த மனுஷன். முதலியார்பேட்டையில் அந்தத் தெருவில் கலியபெருமாள் கை பட்டால்தான் முத்துமாரி இறங்குவாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் குழம்பு கேட்கிற அதே குரலில் சாமி இல்லை என்கிறார்.

"வாயக் கழுவு. சோத்து முன்னால ஒக்காந்துக்கினு இன்னா பேச்சு இது?"

"கழுவத்தான் போறேன். சாப்ட்டு முடிச்சிட்டு."

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆனி மாசக் கடைசி. சாப்பிட்டு எழுந்தவர் பம்பையைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, வேலைக்குப் போய்விட்டார். மில்லில் ஆட்குறைப்பு வந்த பிறகு அவருக்கு நோணாங்குப்பம் படகுத் துறையில்தான் வேலை. படகு ஏற வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட வேண்டும், இறங்குகிறவர்களிடம் கழற்றி வாங்க வேண்டும். அன்றைக்கும் அதைத்தான் செய்திருப்பார். இவளுக்குத்தான் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்ட உட்கார்ந்தால் கத்தரிக்கோல் ஓடவில்லை.

ஊரில் வேறு பெண்ணுக்குப் புருஷன் நாத்திகம் பேசினால் அது தலைவலியோடு போய்விடும். அமிர்தவல்லிக்கு அப்படி இல்லை. அவள் சாமி வந்து ஆடுகிறவள்.

பதினேழு வயசில், ஆடி மூன்றாம் வெள்ளி, கூழ் வார்க்கிற அன்றைக்கு, குடத்தோடு கூட்டத்தில் நின்ற பெண்ணுக்கு முதல்முதலாக உடம்பு நடுங்கியது. அன்றைக்குப் பம்பை அடித்தவர் கலியபெருமாள். மீசை சரியாக முளைக்காத காலம். அடுத்த தையில் கல்யாணம். "சாமிக்கே தாலி கட்டி இட்டுக்கினு போறான் பாரு கில்லாடி" என்று மில் ஆட்கள் கேலி செய்தார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் அவர் அடிப்பார், அவள் மேல் அம்மன் வருவாள், தெரு ஜனம் வாக்குக் கேட்கும். பெண்ணுக்கு வரன் எப்போது தகையும், காணாமல் போன சைக்கிள் எங்கே இருக்கும், எதையும் கேட்பார்கள். அவள் வாயால் அம்மன் சொல்வாள். சொன்னது ஒன்றும் அவளுக்கு நினைவிருக்காது. சாமி மலையேறிய பிறகு, வந்த வாக்கை அவளிடம் யாரும் திருப்பிச் சொல்லவும் கூடாது. அது அந்தத் தெருவின் கட்டு.

ஆகவே அவள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். சாமி இல்லை என்றால், இத்தனை வருஷம் என் மேல் வந்தது என்ன?

அன்று சாயங்காலமே கேட்டாள். "அப்ப நான் வேஷம் கட்டி ஆடனேனா? இருவத்தஞ்சு வருஷமா உன் எதிருக்க தலய விரிச்சிப்போட்டு ஆடனது பொய்யா?"

"அப்பிடி நான் சொன்னனா?"

"அப்ப இன்னா சொல்ற?"

"விடு அமிர்தம்."

இந்த 'விடு'தான் அவளைக் கொன்றது. மறுநாள் கேட்டாள், விடு. அதற்கு மறுநாள் சுற்றி வளைத்துக் கேட்டாள், அதற்கும் விடு. கத்தினாலாவது திருப்பிக் கத்தலாம். மனுஷன் துணி உலர்த்திக் கொடுத்தார், தண்ணீர் பிடித்து வைத்தார், வெற்றிலை வாங்கி வந்தார். பதில் மட்டும் தரவில்லை.

காலையில் அவர் கண் விழிக்கும் முன்பே நெற்றியில் திருநீறு பூசிவிடுவாள். எழுந்து குழாயடிக்குப் போவார், முகத்தோடு சேர்த்து அதையும் கழுவிவிட்டு வருவார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்ல மாட்டார். அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

தெருவிலோ ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். செய்வினை என்றது ஒரு வீடு. படகுத் துறையில் கெட்ட சகவாசம் என்றது இன்னொரு வீடு. கறுப்புச் சட்டைக்காரர்களோடு சேர்ந்துவிட்டார் என்றும் பேச்சு வந்தது. அவரிடம் கறுப்புச் சட்டையே கிடையாது. 'ஒரு கறுப்புச் சட்டையாவது வாங்கி மாட்டித் தொலைத்தால் நாலு பேருக்குப் பதில் சொல்லலாமே' என்று அமிர்தவல்லிக்கே தோன்றியது.

கோயில் தலைவர் தேவதாஸ் வீடு தேடி வந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் தெருவில் இன்றைக்கும் அது சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு. பட்டாளத்து நடை பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா கலியபெருமாளு, சாமி இல்லங்கறியாமே?"

"ஆமாண்ணே."

"சரி, இல்ல. அதுக்கும் பம்பைக்கும் இன்னா சம்பந்தம்? நீ பாட்டுக்கு வந்து அடி. நம்பறதுக்கு நாங்க இருக்கறம் இல்ல?"

கலியபெருமாள் அவரையே பார்த்தார். ஒரு மனுஷன் தன் நெஞ்சைப் பிளந்து வைத்தால், 'அது கிடக்கட்டும், மேளத்தை எடு' என்கிறார்களே என்ற தவிப்பு அந்த முகத்தில் ஓடியது. முதல்முறையாக அமிர்தவல்லிக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது.

"என்னால முடியாதுண்ணே."

"பேரப் பாரு கலியபெருமாளு! பெருமாள பேருல வெச்சிக்கினு..."

"பேரு எங்கப்பா வெச்சது. மாத்தணும்னா தாலுகா ஆபீசுக்கு அலையணும். வேல கெடும்."

தேவதாஸ் சிரித்துவிட்டார். போகும்போது அவளிடம், விழுப்புரத்திலிருந்து வேறு செட்டு பேசிவிடுவதாகவும், அவள் மட்டும் விரதத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

விரதம் தொடங்கும் நாள் காலையில் அவள் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லிட்டுப் போ. பொய்க்காரியோட நீ எப்பிடிய்யா குடும்பம் பண்ற? என்னப் பாத்தா உனக்கு இன்னா தோணுது?"

அவர் பொத்தானைப் போடாமலே கீழே உட்கார்ந்தார். 

"போன வருஷம் பங்குனியில மாலா வூட்டுக்குக் கூப்ட்டாங்களே, ஞாபகம் இருக்குதா?"

இல்லாமலா? மாலா நாலு வீடு தள்ளி இருப்பவள். அவள் மகள் கார்குழலிக்கு ஆறு வயசு. காய்ச்சல் கொதித்து உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி, மாரியம்மன் தாலாட்டுப் பாட இவர்களைக் கூப்பிட்டார்கள். பாட்டு நடுவிலேயே அமிர்தவல்லிக்கு அம்மன் வந்தாள். இரண்டு நாள் கழித்துக் குழந்தைக்கு வலிப்பு வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மையே இல்லை, மூளைக் காய்ச்சல். உயிர் பிழைத்தது. இரண்டு காதும் போயிற்று. உசிரையாவது ஆத்தா விட்டுவைத்தாளே என்று அமிர்தவல்லி அன்றைக்குத் தேங்காய் உடைத்தாள்.

"நீ இன்னா வாக்கு சொன்னன்னு உனக்குத் தெரியாது. தெரியக்கூடாதுன்னு கட்டு. நான் மீறிச் சொல்றேன், கேட்டுக்கோ" என்றார்.  "'நான்தான் வெளயாடறேன். ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்காத. தண்ணி ஊத்தறதுக்குள்ள புள்ள எழுந்து ஓடும்'ன்னு சொன்ன. நல்ல வாக்குன்னு நான் இன்னும் ஓங்கி அடிச்சேன்."

அவளுக்குக் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது போலிருந்தது.

"ஆஸ்பத்திரியில டாக்டரு மொத வார்த்தையா, ரெண்டு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்கன்னு கேட்டாரு. மாலா பேசல. நானும் பேசல. அப்பறம் அந்த ஆடியில, கூழ் வார்க்கற அன்னிக்கு, நான் அடிச்சிக்கினு இருக்கறேன், அந்தப் பொண்ணு பம்பைக்கு ஒரு மொழம் தள்ளி நிக்குது. முன்னெல்லாம் மொத அடிக்கே குதிக்கும். அன்னிக்கு வளையல் கடையப் பாத்துக்கினு நிக்குது. திரும்பவே இல்ல அமிர்தம். நானும் ஓங்கி ஓங்கி அடிக்கறேன், திரும்பவே இல்ல."

அன்றைக்குப் பாதியில் அவர் கை நின்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. சுளுக்கு என்று சொல்லியிருந்தார். அவளே எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"அத அம்மன் சொல்லியிருந்தா அவ அம்மன் இல்ல. நீ சொல்லியிருந்தா..." என்று நிறுத்தினார். "நீ சொல்ல மாட்ட. எறும்ப மிதிக்காதவ நீ. அப்ப மிச்சம் இருக்கறது என் கைதான். வேகமா அடிச்சா உன் ஒடம்பு ஆடுது. இன்னும் வேகமா அடிச்சா உன் வாய் பேசுது. அதுக்கு மேல அங்க ஒருத்தியும் இல்ல. இதத்தான் உன்னாண்ட சொல்ல வேணாம்னு பாத்தேன்."

அழுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு வருஷமா அந்தப் புள்ளைக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் குடுத்து, 'ஆத்தா உன்னக் காப்பாத்திட்டாடி கண்ணு'ன்னு மொகத்துக்கு நேரா சிரிச்சிக்கினு நின்னேனே! அப்பச் சொல்றதுக்கு இன்னாய்யா?"

அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அவள் நேரே மாலா வீட்டுக்குப் போனாள். குழந்தை வாசலில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. மாலா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மாலா, ஆஸ்பத்திரிக்குப் போவாதன்னு நான் சொன்னனா?"

மாலா பதறிப்போய்க் கையை உதறினாள். "ஐயோ, கட்ட மீறாதக்கா! நீ எங்க சொன்ன? ஆத்தா சொன்னா. அவ கணக்கு நமக்குப் புரியுமா? உசிரு இருக்குது, போதும். உள்ள வாக்கா, டீ போடறேன்."

திட்டியிருந்தால் தேவலை. துடைப்பத்தை எடுத்து அடித்திருந்தால் இன்னும் தேவலை. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். 

புருஷன் சொல்கிறபடி அம்மனே இல்லை என்றால் அந்த வார்த்தை யாருடையது? 'என் கைதான்' என்கிறார். கைக்கு ஆஸ்பத்திரி என்ற சொல் தெரியுமா? வாய் அவளுடையது. மாலா சொல்கிறபடி அம்மன்தான் சொன்னாள் என்றால், ஆத்தா என்கிறோமே, பெற்றவள் சொல்கிற சொல்லா அது? அப்படியும் அவளால் அம்மனை விட முடியவில்லை. உடம்புக்குள் வந்து நின்றவளை இல்லை என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் நூல் பிசிறு வெட்டுகிற இடத்தில் இதையே வெட்டிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் தேவதாஸ் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, இந்த வருஷம் நான் வாய்ப்பூட்டு போட்டுக்கறேன்."

வாய்ப்பூட்டு என்பது அலகுதான். இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்துகிற சிறு வெள்ளி ஊசி. குத்திக்கொண்டவர்கள் அதைக் கழற்றும்வரை பேச மாட்டார்கள்.

தேவதாஸ் திகைத்தார். "நீ பூட்டு போட்டுக்கினா வாக்கு யாருமா சொல்றது? ஜனம் இன்னாத்துக்கு வருது?"

"அவ ஆடணும்னா ஆடட்டும், ஒடம்பு தரேன். பேசணும்னா வேற வாயப் பாத்துக்கட்டும்."

"புருஷன் பம்பைய வெச்சிட்டான், பொண்டாட்டி வாய மூடறேங்கற. ரெண்டு பேரும் சேந்து இன்னா கோயிலையே பூட்டிடுவீங்களா?"

"வேண்டுதல் அண்ணே. வேணாம்னு சொல்லாதீங்க."

வேண்டுதல் என்ற பிறகு யாரும் குறுக்கே நிற்க முடியாது.

ஆடி மூன்றாம் வெள்ளி. விழுப்புரத்துப் பையன்கள் மைக் கட்டி அடித்தார்கள். பூசாரி உதட்டில் திருநீறு வைத்து ஊசியை ஏற்றியபோது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. கூட்டத்துக்கு அப்பால், டீக்கடை ஓரம், கலியபெருமாள் கை கட்டி நிற்பதைப் பார்த்தாள். அவர் கை இல்லாத அடி. சாமி வருமா வராதா என்று அவளுக்கே பயம். நாலாவது சுற்றில் கால் தானாகத் தூக்கியது.

கற்பூரம் காட்டினார்கள். "ஆத்தா, வாய் தொறந்து சொல்லு. மழ உண்டா? ஊரு நல்லாருக்குமா?" அம்மன் ஆடினாள். தலை சுழன்றது. தொண்டையிலிருந்து ஏதோ முட்டிக்கொண்டு வந்து, உதட்டில் மோதி, ம்... ம்... என்று நின்றது. ஊசி ஓரம் ரத்தம் கசிந்தது. கேட்க வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கூழ் வாங்கப் போனார்கள். "இன்னா சாமி இது, செலவு பண்ணி வரவழச்சி ஊமையாட்டம் போவுது" என்று யாரோ சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. கார்குழலி மட்டும், அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலகைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது உதடு வீங்கியிருந்தது. கலியபெருமாள் கூழை ஆற்றி, டம்ளரில் ஊற்றி நீட்டினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இல்லாதவளுக்கு எதுக்குடி பூட்டு? இதுக்கா ஒடம்பப் புண்ணாக்கிக்கின?"

"இருக்கறதாலதான் பூட்டு" என்றாள், உதடு அசையாமல். "உன் கை இல்லாமதான் வந்தா."

"பம்பைன்னா பம்பைதான். எவன் அடிச்சா இன்னா?"

"அப்ப உன் கைமேல பழிய ஏன் போட்டுக்கின?"

  இந்தத் தடவை அவர் "விடு" என்றுகூடச் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "குடி, ஆறிடும்" என்றார்.

மறுநாள் காலையும் அவள் திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். அவரும் எழுந்து குழாயடிக்குப் போய் அதைக் கழுவிக்கொண்டு வந்தார். வந்து, துண்டின் நுனியை வெந்நீரில் நனைத்து, அவள் உதட்டில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் துடைக்கப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.