தாழ்ப்பாள் இல்லாத குசினிக் கதவு

நான் படித்த காலத்துப் பேய்ப்படங்களில் பேய்கள் ஒழுங்கானவை. வெள்ளைச் சேலை, விரித்த தலை, முன்னறிவித்தலாகக் கொலுசுச் சத்தம். பெண்ணை ஏமாற்றியவனைத் தவிர வேறெவரையும் தொடாது. அன்று திருகோணமலையில் பெண்பிள்ளை பெற்றவர்களின் பெரும் பயமும் அப்படி ஏமாற்றுகிறவன்தான்.

யுத்த காலத்துப் படங்களில் பேய் சொல்லாமல் வந்து ஆளைக் கொண்டுபோனது. மின்சாரம் இல்லாததால் கார் பற்றரியில் தொலைக்காட்சியைப் பூட்டி, அயலவர்களோடு எங்கள் விறாந்தையில் பார்ப்போம். பேய் வந்தால் சிரித்தோம். ஒழுங்கையில் ஒரு வாகனம் வேகம் குறைந்தால் சத்தத்தைக் குறைத்தோம்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், எங்கள் மகன் குசினிக் கதவால் சைக்கிளை இறக்கிக்கொண்டு கடைக்குப் போனான். திரும்பி வரவில்லை.

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்தவன் நான். எந்த முறைப்பாட்டை எங்கே, எத்தனை பிரதிகளோடு கொடுப்பதென்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன். மகனுக்காக ஒன்றையும் தவறவிடவில்லை. எல்லா இடத்திலிருந்தும் கிடைக்கப்பெற்றதாகப் பதில் வந்தது. என் கடிதம் கிடைக்கப்பெற்றதாக. மனைவியிடம் ஒரேயொரு நடைமுறைதான் இருந்தது. குசினிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.

இந்த வருடம் மகள் கனடாவிலிருந்து வந்தாள், எங்களைக் கையோடு கூட்டிப்போக. மனைவி ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் மகள் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஒரு பேய்ப்படம் போட்டாள். பெரிய வீட்டில் தனியே ஒரு கிழவி. பிள்ளைகள் தொலைபேசியில் மட்டும். இந்தக் காலத்துப் பயத்தை எவரோ சரியாகத்தான் பிடித்திருந்தார். கிழவியின் இறந்துபோன மகன் வந்து கதவைத் தட்டினான்.

“திறக்காதை, திறக்காதை!” மகள் தலையணையைக் கட்டிக்கொண்டாள்.

“ஏன் திறக்கிறாளில்லை? பெத்த பிள்ளையெல்லோ?” என்றாள் மனைவி.

“அம்மா, அவன் செத்துப்போனவன். பேய்!”

“எண்டால் என்ன? வந்திட்டானே.”

அப்போது எங்கள் குசினிக் கதவு கிறீச்சிட்டது. மகள் அலறினாள். முழங்கால் நோவென்று என் கையைப் பிடித்தே எழும்புகிற மனைவி, தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினாள். நாங்கள் பின்னால் போனோம்.

டவுனில் திரிகிற மான்களில் ஒன்று உள்ளே நின்று, மரக்கறித் தோல் வாளிக்குள் தலையை விட்டிருந்தது.

“மான்,” என்றாள் மனைவி, யாரும் கேட்காமலே. அது தின்று முடியும்வரை நின்றாள். பிறகு முதுகில் தட்டி வெளியே விட்டாள்.

மகள் துருப்பிடித்த தாழ்ப்பாளில் கை வைத்தாள். “கள்ளர் வந்தால் என்னம்மா செய்வியள்?”

“உன்ரை அண்ணனுக்குத் தட்டிப் பழக்கமில்லை, பிள்ளை. தள்ளித்தான் பார்ப்பான். பூட்டிக் கிடந்தால் ஆக்கள் இல்லையெண்டு போயிடுவான்.”

மகள் கையை எடுத்தாள். கனடாக் கதையை அதன் பிறகு எடுக்கவில்லை.

அவள் பயணம் போன மறுநாள் நான் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். துருவைக் காரணம் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். மனைவி கேட்கவில்லை.