ஸ்டெல்லா அக்கா கீறிய வழிகள்

சனிக்கிழமை காலை, ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தபோது யோகன் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பழைய கமராக்காரர். "வாணி, ஸ்டெல்லா அக்கா போயிட்டா. நித்திரையிலேயே" என்றார். திரையில் ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்களை அப்படியே நிறுத்திவிட்டு, அவர் வீடு இருந்த கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே மாதா கோவில் வாசலில், அவரோடு வேலை செய்த உங்களில் பலரைக் கண்டேன். அவரைப் பற்றிப் பேச எல்லோரிடமும் ஏதோவொன்று இருந்தது. என்னிடம் இருப்பது இது.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடியோக் கடையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் எடிட்டிங் செய்தோம். வெளிநாட்டு மாப்பிள்ளைகளால் வடக்கே போக முடியாததால், கலியாணங்கள் கொழும்பு மண்டபங்களில் நடந்தன. ஸ்டெல்லா அக்கா அந்த வீடியோக்களை உலக வரைபடத்தோடு தொடங்கினார். படத்தைக் கீழடுக்கில் வைத்து, மேலே சிவப்புக் கோட்டை முழுவதாகக் கீறி, அதை மறைத்துவிட்டுச் சிறிது சிறிதாகத் திறப்பார். ஒஸ்லோவிலிருந்து கோடு தானே வளர்ந்து கொழும்புக்கு வரும். நுனியில் ஒரு குட்டி விமானம். நான் அவசரத்தில் நேர்கோடு போட்டால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார். "வாணி, கலியாணத்துக்கு வாற யாரும் நேரா வாறதில்ல. கொஞ்சம் வளைச்சு விடு."

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதை மூடியிருந்த நாட்களில் சுமதி என்ற மணப்பெண் தாயுடன் கடைக்கு வந்தாள். தகப்பன் யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டார். மகளின் கலியாணத்தை வீடியோவில்தான் பார்க்கப்போகிறார். மாப்பிள்ளையின் தமையன், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு விமானம் பறக்கவிட்டால் வடிவாக இருக்கும் என்றார். ஸ்டெல்லா அக்கா அவரை விட்டுவிட்டு சுமதியைக் கேட்டார்.

"நீங்க எப்படி வந்தீங்க, தங்கச்சி?"

"கப்பலில வந்தனாங்கள் அக்கா. காங்கேசன்துறையில ஏறித் திருகோணமலையில இறங்கினனாங்கள். பிறகு பஸ்."

"அப்ப கப்பல்தான்" என்றார். 

கலியாணம் முடிந்து, அந்தக் கோட்டைக் கீறி முடித்த நாள் பகலில் பொலிஸ் சோதனைக்கு வந்தது. வெள்ளவத்தையில் அது புதிதல்ல. ஆனால் அன்று திரையில் முழு இலங்கை. வடக்கிலிருந்து கடலால் இறங்கிக் கொழும்புவரை நீளும் சிவப்புக் கோடு. அதிகாரி குனிந்து பார்த்து "மே மொகக்த?" என்று, இது என்ன எனச் சிங்களத்தில் கேட்டார்.  "மகுல் வீடியோ எகக் மாத்தயா" என்று, கலியாண வீடியோதான் என்பதை ஸ்டெல்லா அக்கா தன் நல்ல சிங்களத்தில் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. கணினியைத் தூக்கச் சொன்னார். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைக் கண்டதும் என்னையும் ஏறச் சொன்னார். கொழும்பு முகவரிக்காரரான ஸ்டெல்லா அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்கள் ஏன்?"

"கோடு கீறினது நான்தானே. தள்ளி இரு."

பொலிஸ் நிலைய மர வாங்கில் பின்னேரம்வரை உட்கார்ந்திருந்தோம். அக்கா என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கடைசியில் பெரிய அதிகாரி வீடியோவைப் போடச் சொன்னார். கோடு மெதுவாக வந்து கொழும்பில் நின்றது. கூறைச் சேலையில் சுமதி சிரித்தாள். அவர் இன்னொருமுறை போடச் சொல்லிப் பார்த்தார். எங்களைப் போகவிட்டார். ஆனால் அந்த வரைபடம் இருக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு ரோசாப்பூவைப் போட்டு முடியுங்கோ" என்றார் முதலாளி. அக்கா தலையாட்டினார், ஆனால் பூப் போடவில்லை. வரைபடத்தை மட்டும் அழித்தார். கரையில்லை, ஊர்ப்பெயரில்லை, திரை முழுக்க நீலம். அதில் பழைய வளைவுகளோடு அதே கோடு. கூடவே கடல் இரைச்சல்.

வீடியோ கொடுக்க, பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில் அவர்கள் இருந்த அடுக்குமாடி பிளட்டுக்கு நாங்கள் இருவருமே போனோம். "இதென்ன, ஒண்டும் இல்லையே" என்றார் மாப்பிள்ளையின் தமையன். சுமதியின் தாய் எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனார். கோட்டோடு சேர்ந்து அவர் விரலும் நகர்ந்தது. "இது பருத்தித்துறை முனை. இதில திரும்பேக்கதான் கப்பல் ஆடி நான் சத்தி எடுத்தனான். இது திருகோணமலை, பிள்ளை. அங்க வெளிச்சம் தெரிஞ்சது, நினைவிருக்கே?" சுமதி அழுதுகொண்டே சிரித்தாள். இன்னொரு பிரதி அடுத்த கப்பலில் தகப்பனுக்குப் போனது. சில கிழமைகளுக்குப் பிறகு அவர் கடைக்குத் தொலைபேசி எடுத்து ஸ்டெல்லா அக்காவோடு கதைத்தார். "பிள்ளை வந்த வழியைப் பாத்தன் அம்மா" என்றாராம். அன்று எங்கள் எல்லோருக்கும் ஸ்டெல்லா அக்கா பேக்கரியிலிருந்து பற்றிஸ் வாங்கித் தந்தார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும், சுமதியின் தகப்பன் கூப்பிட்டார் என்று வாழ்க்கையில் முதன்முறையாக ஸ்டெல்லா அக்கா யாழ்ப்பாணம் போனார். வழியிலிருந்து என்னை அழைத்தார். பின்னால் ஒரே சத்தம்.

"வாணி, நாம போட்ட கோடெல்லாம் பிழைடி! முறிகண்டிக் கோவிலடியில பஸ் நிக்குது. எல்லாரும் இறங்கிட்டாங்க. கும்பிடுறாங்க, தேங்காய் உடைக்கிறாங்க, கச்சான் வாங்குறாங்க. நாம ஒருநாளும் நிப்பாட்டவே இல்லையே!"

வாயில் கச்சான் கடலையோடுதான் அவர் கதைத்தார் என்பது எனக்கு விளங்கியது.

புதிய மென்பொருளில் இரண்டு ஊரைத் தொட்டால் போதும், கோடு தானே ஓடிவிடும். நானோ யாழ்ப்பாணம் போகும் ஒவ்வொரு கோட்டையும் பிடித்து, எல்லா பஸ்ஸும் நிற்கும் முறிகண்டியில் ஒரு மூச்சு நேரம் நிறுத்துகிறேன். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நிறுத்தத்தைத்தான். ஏன் நிற்கிறது என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கோடு நின்றதும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டு சொல்வார்: "கச்சான் வாங்கத்தான்."