பெயிண்ட் உரிந்த டாங்கி

தொண்ணூறுகளின் கடைசியில், துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய ரெசின் பிளாஸ்டிக் மாதிரி டாங்கியின் பாகங்களை நான்கு மாதம் உட்கார்ந்து ஒட்டினேன். நான் செய்த சின்னப் போர்க்களக் காட்சியில் அதை வைத்துக் கண்காட்சிக்குக் கிளம்பும் காலையில், பச்சைப் பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது.

ஆத்திரம் தலைக்கேற, டாங்கியையும் அது வந்த பெட்டியையும் தூக்கிக்கொண்டு, பெயிண்ட் வாங்கிய கொச்சி மட்டாஞ்சேரிக் கடைக்குப் போனேன். கூட்டத்தின் நடுவே கத்தினேன்.

"சேட்டா, கலப்படத்த வித்துத்தான் பொழைக்கிறீங்களா?"

கடைக்காரர் பெட்டியில் பெயிண்ட் அடிக்காமல் மிஞ்சியிருந்த ஒரு சக்கரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சாரே, இதுல எண்ணெ வழுக்குதே. சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தானா பெயிண்ட் அடிச்சது?"

அச்சிலிருந்து எடுத்த ரெசினில் எண்ணெய் ஒட்டியிருக்கும். முதலில் கழுவச் சொல்லி, செய்முறைத் தாளின் முதல் படமே இருந்தது. பார்க்காமல் புரட்டியவன் நான்தான்.

அப்போதும் மன்னிப்புக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்று அந்தக் கடை இல்லை. அவர்மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. இப்போது அது என்மேல் இருக்கிறது.