விமானம் ஏறாமல் இமயமலைக்குப் போய் வந்தோம்

இதை வாசித்து முடிக்கும்போது உங்களில் ஒருவர்கூட என்னை நம்பப் போவதில்லை என்று இப்போதே சத்தியம் செய்து தருகிறேன். நம்பமுடியாத கதை என்று ஆசை காட்டிவிட்டு, கடைசியில் நம்பக்கூடிய ஒன்றைக் கொடுத்து ஏமாற்றுகிற ஆள் நானில்லை. போன யூன் மாதம் நானும் என் மனைவி தேவகியும் இமயமலையில் நான்கு நாள் மலைநடையும் கலாசாரச் சுற்றுலாவுமாகப் போய் வந்தோம். நாங்கள் இருக்கும் ஜேர்மனியின் ஸ்ருட்காட்டிலிருந்து மூன்றரை மணித்தியாலப் பயணம். ரயிலில்.

எங்கேயோ உதைக்கிறது என்கிறீர்களா? எனக்கும் உதைத்தது. இன்றுவரை உதைத்துக்கொண்டே இருக்கிறது.

எனக்கு அறுபது வயது நிறைந்தது. மண்டபம் எடுத்து முந்நூறு பேருக்குச் சோறு போட்டு, அவர்கள் தரும் முந்நூறு சுவர்க் கடிகாரங்களை நிலவறையில் அடுக்குவதைவிட இமயம் மேல் என்று முடிவெடுத்தேன். தேவகி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளோடு வேலை செய்யும் பிரிகிட்டா ஒருநாள் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு வீட்டுக்கு வந்தாள். பனிச் சிகரம், ஐந்து நிறப் பிரார்த்தனைக் கொடிகள், பெரிய எழுத்தில் இமயம். ஒருவருக்கு 480 யூரோ. சாப்பாடு, தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் அதற்குள்.

"என்னப்பா, 480 யூரோவுக்கு இமயமலையோ? பறக்கிற காசே அதைவிடக் கூட எல்லோ?" என்றாள் தேவகி.

"ஆக்கள் சேந்து போனால் குறையும்" என்றேன், வாழ்நாள் முழுக்க விமான நிறுவனம் நடத்தியவன் மாதிரி.

ஜேர்மனிக்கு வந்த முதல் வருடத்திலேயே நான் ஒரு கலையில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். எதிரில் இருப்பவர் கடதாசியில் எந்த இடத்தில் விரலை வைக்கிறாரோ, அந்த இடத்தில் கையெழுத்து வைப்பது. அகதி விண்ணப்பம், வீட்டு ஒப்பந்தம், வேலை, காப்புறுதி எல்லாவற்றையும் இந்தக் கலையால்தான் வென்றேன். ஒன்றையும் வாசித்ததில்லை. பிரிகிட்டா விரலை வைத்தாள். நான் வைத்தேன். அன்று மாலையே மூன்று கண்டங்களில் இருக்கும் சொந்தக்காரருக்கு வாட்ஸப்பில் செய்தி போனது: இமயம் என்னை அழைக்கிறது.

வியாழன் காலை 6.12க்கு ரயில். உல்ம் நிலையத்தில் ரயில் மாறவேண்டும். மாதச் சீட்டு வைத்திருந்தால் மேலதிகச் செலவில்லை, ஆனால் விரைவு ரயிலில் ஏறிவிடாதீர்கள். என் முதுகுப்பையில் கடவுச்சீட்டு, நுளம்பு வலை, இரண்டு கம்பளித் தொப்பி, ஐந்து கிலோ புட்டுமா. மொத்தம் ஒரு யானைக்கன்று எடை இருக்கும்.

கெம்ப்டன் தாண்டியதும் தேவகி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இஞ்சாருங்கோ, விமான நிலையம் எந்தப் பக்கம்?"

"இமயத்துக்குச் சின்ன விமானம்தான் போகும். சின்ன விமானம் சின்ன ஊரிலதான் நிக்கும்."

9.45க்கு ஜேர்மனியின் தென்கோடி ஊரான ஒபர்ஸ்டோர்ஃப். மேடையில் நிஜமாகவே ஐந்து நிறக் கொடிகள் பறந்தன. அவற்றின் கீழே கைகூப்பியபடி நேபாளத்து வழிகாட்டி நின்றான். பெயர் தாவா, வயது முப்பத்தெட்டு. எங்கள் கழுத்தில் வெள்ளைச் சால்வை போட்டான். நான் பெருமையோடு கடவுச்சீட்டை நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மரியாதையாகத் திருப்பித் தந்தான்.

எங்களோடு கூட வந்திருந்த பிரிகிட்டாதான் விளக்கினாள். அவள் பேசிய ஜேர்மன் மொழியை எங்கள் தமிழில் தருகிறேன். "விமானம் ஏறினால் புகை. அதுதான் இமயத்தை இஞ்ச ஆல்ப்ஸில இருக்கிற அல்கொய் மலைக்குக் கொண்டு வந்திருக்கினம். அதே சாப்பாடு, அதே வழிகாட்டி. நீங்கள் கையெழுத்து வைச்ச கடதாசியில முதல் வரியே அதுதானே?"

தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறைகளில் பாதி உருகிப்போயின. மற்றவர்கள் அதைப் பருவநிலை மாற்றம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இனித் திரும்பிப் போனால் மூன்று கண்டங்களுக்கு என்ன பதில் சொல்வது? நடந்தோம். நாங்கள் இருவர், பிரிகிட்டா, இன்னும் ஐந்து ஜேர்மன்காரர். முதல்நாள் 6.5 கிலோமீற்றர், 700 மீற்றர் ஏற்றம், 3 மணி 40 நிமிடம். என் முழங்காலின் அளவுப்படி எழுபதாயிரம் அடி. வழியெல்லாம் லொறி அளவு மாடுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் மணி. மணிச்சத்தம் கேட்டதும் ஏதோ கோயில் வருகிறதென்று இரண்டு தரம் சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டு தரமும் மாடு. மூன்றாம் தரம் மாடு என்று நினைத்துப் பேசாமல் போனேன். அது தேவாலயம். அல்கொய் என்று அறிவு சொன்னது, இமயம் என்று கொடி சொன்னது, மூச்சு மட்டும் இரண்டு பக்கமும் சேராமல் இரைத்தது.

மாலை நான்கு மணிக்கு மலைக்குடிலில் மோமோ பிடிக்கப் பழக்கினார்கள். மோமோ என்றால் எங்கள் கொழுக்கட்டைக்கு இறைச்சி வைத்த தம்பி. தேவகியின் விரல் மடிப்பைப் பார்த்துத் தாவா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். மாவைப் பிசைந்தபடியே ஜேர்மன் மொழியில் தன் கதையைச் சொன்னான்.

"அக்கா, இந்த வேலையில என்ர சோதனைக் காலம் முடியுது, இதுதான் கடைசிக் குழு. ஒரு முறைப்பாடும் வராட்டில் முதலாளி ஒப்பந்தம் தருவா. ஒப்பந்தம் இருந்தால்தான் மனுசியைக் கூப்பிடுற அன்ராக், அந்த விண்ணப்பம், நகரும். இரண்டு வருஷமாப் பாத்துக்கொண்டிருக்கிறா."

தேவகியின் கை நின்றது. "நான் கொழும்பில மூண்டு வருஷம் இருந்தனான், தம்பி. இவர் கூப்பிடுவார் கூப்பிடுவார் எண்டு."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "கவலையை விடும். இந்தக் குழு ஒரு கீறலும் இல்லாமல் வீடு போய்ச் சேரும். அது என்ர பொறுப்பு."

"ஐயோ" என்றாள் தேவகி.

இரண்டாம் நாள் 9 கிலோமீற்றர், அடுத்த குடிலுக்கு. தாவா விடியவே போய், திரும்பவேண்டிய இடங்களில் கொடிக்கயிறு கட்டி வைத்திருந்தான். 11.20க்குத் தேவகியின் சப்பாத்து அடித்தோல் கழன்று வாயைத் திறந்தது. தாவா உட்கார்ந்து அதைக் கயிற்றால் கட்டத் தொடங்கினான். "முன்னால ரெண்டு பாதை பிரியிற இடத்தில ஒரு வாங்கு இருக்கு. அதில இருங்கோ. நான் வராமல் ஒருத்தரும் அசையக்கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்தோம். மூடுபனி இறங்கியது. எவ்வளவு பனி என்றால், என் மூக்கைத் தேடிப் பிடித்துத்தான் சீறினேன். அப்போது இடது பக்கப் பள்ளத்தில் ஐந்து நிறங்கள் அசைவது தெரிந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். "கொடி! அதுதான் பாதை!" என்று எழும்பினேன். தாவா நில் என்றது நினைவிருந்தது. ஆனால் கொடி வா என்றதே. பிரிகிட்டாவும் மற்ற ஐந்து பேரும் என் பின்னால் வந்தார்கள். இந்த விஷயத்தில் என் முகத்துக்கு அனுபவம் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

இருபத்தைந்து நிமிட இறக்கம். கொடிகளை அடைந்ததும் சப்பாத்தைக் கழற்றினேன். நூறு தலைமுறை முனிவர்கள் என் தலைக்கு மேல் நின்று ஆசீர்வதிப்பதை உணர்ந்தேன். கைகூப்பி, வலமாகச் சுற்றத் தொடங்கினேன். எனக்குப் பின்னால் ஆறு ஜேர்மன்காரர், கண்ணை மூடிக்கொண்டு. மூன்றாம் சுற்றில் பனி சற்று விலகியது. மந்திரம் எழுதிய நீலக் கொடிக்கு இரண்டு கால் இருந்தது. முழங்காலில் கரடிக்குட்டிப் படமும் இருந்தது.

தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். பால்வாளி கையில் இருந்தது. "அது என்ர மகன்ர காற்சட்டை. ஏன் அதைச் சுத்திறியள்?"

"காய்ஞ்சிட்டுதோ எண்டு பாக்கிறம்" என்றேன்.

ஏறித் திரும்புவதற்குள் மழை பிடித்தது. வாங்கில் யாருமில்லை. எங்களைக் காணாமல் தாவா இரண்டு பாதையிலும் ஓடித் தேடியிருக்கிறான். ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, விதிப்படி மலை மீட்புப் படைக்கும் முதலாளிக்கும் அறிவித்திருக்கிறான். மூன்று மணிக்கு நாங்கள் நனைந்த கோழிகளாகக் குடிலுக்குள் நுழைந்தபோது, வழியில் எங்களைக் கண்டு பாதை காட்டிய மீட்புப் படை திரும்பிவிட்டது. கட்டிய சப்பாத்தோடு தேவகி ஏற்கனவே அங்கே இருந்தாள். முதலாளி ஹில்டா அம்மா மேசையில் இருந்தார். முன்னால் ஒரு படிவம், மூடி கழற்றிய பேனா.

"வாங்கை விட்டுப் போகச் சொன்னது யார்?"

நான் சூப்புக் கோப்பைக்குள் பார்த்தேன். அதற்குள் ஒரு கரட் துண்டு மிக முக்கியமாக மிதந்தது.

"நான் விளங்கச் சொல்லேல்லை" என்றான் தாவா. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "குழுவுக்கு நான்தான் பொறுப்பு. பிழை என்ர."

பேனா படிவத்தில் இறங்கியது. தேவகி என் காதுக்குள் சொன்னாள்: "ஊரில உள்ள பொய்யெல்லாம் எழும்பி நிண்டு சொல்லுவியள். உண்மைக்கு மட்டும் எழும்ப ஏலாதோ?"

எழும்பினேன். "பிழை என்னுடையது. அசைய வேண்டாம் என்று இவர் தெளிவாகச் சொன்னார். நான்தான் இவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன்.

"ஏன்?"

சொன்னேன். கொடியை, பனியை, கரடிக்குட்டியை, மூன்று சுற்றை.

பிரிகிட்டா கையை உயர்த்தினாள். "நானும் மூண்டு தரம் சுத்தினனான். அசைய வேண்டாம் எண்டதை நானும் கேட்டனான்." அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை. பிறகு மற்றக் கைகள்.

ஹில்டா அம்மா சிரிக்கவில்லை. நீளமாக ஏதோ எழுதினார். தாவாவிடம், "திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வாரும்" என்றார். அவ்வளவுதான். அது நல்ல வசனமா கெட்ட வசனமா? மீதி இரண்டு நாளும் அதே குழப்பம். அருவி பார்த்தோம், வெண்கலக் கிண்ணத்தைத் தட்டித் தியானம் செய்தோம். கிண்ணம் ஓங்கி ஒலிக்கும்போதெல்லாம் எனக்கு 'திங்கட்கிழமை' என்றே கேட்டது. தாவா எல்லோரையும் பார்த்துச் சிரித்தான், சாப்பாட்டை மட்டும் தொடவில்லை.

திங்கள் 10.40க்குத் தேவகியின் தொலைபேசியில் ஒரு படம் வந்தது. முத்திரை குத்திய கடதாசி. கீழே தாவாவின் வரி: ஒரு வருட ஒப்பந்தம், அக்கா. அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலே நின்றாள், நான்தான் போய் மூடினேன்.

போக நினைப்பவர்களுக்கு: யூன் நடுப்பகுதிக்கு முன் வேண்டாம், மேலே பனி கிடக்கும். பழைய சப்பாத்தை நம்பவேண்டாம், பத்து வருடம் பெட்டிக்குள் இருந்தால் பசை செத்துவிடும். குடில்களில் வங்கி அட்டை எடுக்கமாட்டார்கள், ஆளுக்கு அறுபது யூரோ தாளாக வைத்திருங்கள். குளிக்க மூன்று நிமிடச் சுடுநீர் நான்கு யூரோ. புட்டுமா தேவையில்லை. வழிகாட்டி இரு என்றால் இருங்கள். உங்கள் பிழையின் விலையை அந்த மலையில் வேறொருவர் கட்டவேண்டி வரலாம், அவர் அதை உங்களுக்குச் சொல்லாமலும் இருக்கலாம். உண்மையான இமயத்துக்குப் போகவில்லையே என்ற குறை எனக்கில்லை. எங்கே போனேன் என்பது சரியாகத் தெரிந்தால்தானே குறைப்பட.

இனி ஒப்புதல். என்னைப் பற்றி நான் எழுதியவற்றில் எழுபதாயிரம் அடியைத் தள்ளிவிடுங்கள், யானைக்கன்றைத் தள்ளுங்கள், முனிவர்களைத் தள்ளுங்கள். ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. அந்த மேசையில் எழும்பி நின்று பிழை என்னுடையது என்று சொன்னது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதாக நீங்கள் நினைத்திருந்தால் அது உங்கள் கற்பனை. தேவகியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன்.