பேனருக்குக் கீழே நின்ற பெண்

திருத்தணி ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை ஒட்டிய சுவரில் கோடிங் பயிற்சி சென்டரின் பேனர் இருந்தது. ‘இங்கு படித்த அனைவருக்கும் வேலை’ என்று போட்டு, கீழே சிரித்த முகங்கள். மகளுக்காகப் போனில் படமெடுத்தேன். சாப்பாட்டுப் பையோடு ரயிலுக்கு நின்ற பெண் அருகில் வந்தாள்.

“ரெண்டாவது போட்டோ நான்தாங்க.”

அதே முகம்தான், கொஞ்சம் இளைத்திருந்தது.

“எந்தக் கம்பெனில வேலை கிடைச்சுதும்மா?”

“அந்த சென்டர்லயேதாங்க. கொஞ்ச நாள் அங்க வர்ற போனை எடுத்துப் பேசிகினு இருந்தேன். வேலை குடுத்ததா கணக்கு காட்டிட்டு அனுப்பிட்டாங்க. இந்த பேனரைப் படம் எடுக்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்.”

“உன் படத்தைக் கிழிச்சிருக்கலாமே?”

“கிழிச்சா வேற மூஞ்சியப் போடுவாங்க. என் மூஞ்சி இருந்தாதானே, இது பொய்னு நானே சொல்ல முடியும்?”

ரயில் வந்தது, ஏறினேன். அவளும் ஏறவந்தாள். அதற்குள் பேனர் முன்னால் இன்னொருவர் போனைத் தூக்கினார். அவள் திரும்பி அவரிடம் போனாள். ரயில் நகர்ந்தபோதும் பேசிக்கொண்டிருந்தாள்.