நாத்தனாரின் கிணறு

என் நாத்தனார் கிணற்றில் குதிப்பாள். நேரில் அவளை "அண்ணி, வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா, மரியாதை குறையக் கூடாது. ஆனால் மனசுக்குள் எப்போதும் அவள், இவள்தான். மனசுக்குள் இருந்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன்.

அவளுக்குத் திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் நிலம் இருந்தது. நிலத்தில் ஒரு கிணறு. எங்களுக்கு விழுப்புரத்தில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் போதும், மனுஷருக்கு இருப்புக் கொள்ளாது. "அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வரலாமா?" என்று என்னைக் கேட்பார். கேட்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அதற்குள் மகளும் மகனும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள்.

எண்பதுகளில் ஊட்டி, கொடைக்கானல் என்று போகிற வசதியெல்லாம் எங்களுக்கு ஏது? கோடையில் அவள் கிணறு, ஆடியில் அவள் ஊர்ப் பனந்தோப்பு, மழைக்காலத்தில் அவள் ஊர் ஏரிக்கரை. தை மாதத்துத் தென்பெண்ணை ஆறு ஒன்றுதான் எங்கள் பக்கம். அதற்கும் அவள் பஸ் ஏறி வந்துவிடுவாள்.

நான் பிறந்து வளர்ந்தது மெட்ராசில், எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருந்த சந்தில். தண்ணீர் எனக்குக் குடத்தில்தான் பழக்கம். குடத்துக்கு மேல் தண்ணீரைப் பார்த்தால் காலெல்லாம் நடுங்கும். அதனால் எங்கே போனாலும் எனக்கு ஒரே வேலைதான். ஜமக்காளத்தை விரித்து, டிபன் கேரியரையும் கழற்றிப் போட்ட துணிகளையும் செருப்புகளையும் காவல் காப்பது. "நீயும் வாயேன், அக்கா சொல்லிக் குடுப்பாங்க" என்பார் இவர். "அப்போ காக்கா வந்து சோத்த தின்னுட்டா பரவால்லையா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அவளிடம் போய்க் கற்றுக்கொள்வதா! அதற்கு அந்தக் காக்கையோடேயே பேசிக்கொண்டிருக்கலாம்.

முதல் கோடையில் மகள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். நாத்தனார் காய்ந்த சுரைக்காய் ஒன்றைக் கயிற்றால் அவள் முதுகில் கட்டி, அப்படியே தூக்கிக் கிணற்றில் போட்டாள். நான் மேட்டிலிருந்து போட்ட கூச்சலில் பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். "இன்னாம்மா, கொலையா உழுந்துச்சு? சுரக்கா கட்டியிருக்கேன், எப்டி முழுகும்?" என்று கீழேயிருந்து சிரித்தாள். என் பெண்ணும் சிரித்தது. வாயெல்லாம் தண்ணீர், மூக்கெல்லாம் தண்ணீர், அப்படியும் சிரிப்பு. அந்த லீவு முடிவதற்குள் சுரைக்காய் இல்லாமலே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்விட்டு வந்தாள்.

"வாடி என் மருமவளே!" என்று நாத்தனார் அவளை அள்ளித் தூக்கினாள்.

என் வயிற்றெரிச்சலெல்லாம் அந்த ஒரு சொல்லில் தொடங்கியது. தம்பி பெண்மேல் அத்தைக்கு உரிமை உண்டு என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு ஒரே பையன், என் மகளைவிட இரண்டு வயது பெரியவன். மருமகளே என்பது வெறும் செல்லமில்லை. இன்றைக்கு நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் ஒருநாள் மொத்தமாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அன்றைக்கும் நான் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கியதும் பனம்பழம் விழும். விடிந்ததும் ஓடினால்தான் நல்ல பழம் கிடைக்கும். ஒரு வருஷம் நானும் வீம்புக்குத் தோப்புக்குள் நுழைந்தேன். முள்ளையும் புழுதியையும் பொருட்படுத்தாமல் தேடி, பெரிய பழமாக ஒன்றைக் கண்டுபிடித்து, மகளிடம் காட்டத் தூக்கிக்கொண்டு வந்தேன். நாத்தனார் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, இது நரி கடிச்சதும்மா. அது தின்னுட்டு வச்ச மிச்சத்த தூக்கிக்கினு வந்திருக்கியே!"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அப்புறம் அவளும் அத்தையும் ஓலையைக் கொளுத்திப் பழம் சுட்டார்கள். வாயைச் சுற்றி மஞ்சளாக வழிய, நாரை உறிஞ்சிக்கொண்டே, "அம்மா, உனக்கு வேணுமா?" என்று அவள் கேட்டபோது, "எனக்கு வேணாம், பித்தம்" என்றேன். பித்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பழம் கமகமவென்று மணத்தது, நாக்கில் ஊறியது. அவள் சுட்டதை வாங்கித் தின்ன மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் நிம்மதி கிடையாது. நான் தலை பின்னினால், "அத்த பின்னுனா அவுறவே அவுறாது" என்பாள் மகள். கேப்பைக் கூழ் ஊற்றினால், அத்தை வீட்டுக் கூழ் வேறு மாதிரி இருக்குமாம். கூழில் என்ன வேறு மாதிரி! என் கையால் தின்று வளர்ந்த பெண், பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறவளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கும். நான் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படியே சில வருஷங்கள் போயின. மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது கார்த்திகையில் நல்ல மழை. அவர்கள் ஊர் ஏரி நிரம்பி, கோடி போகிறது என்று சேதி வந்தது. ஏரித் தண்ணீர் கரையோரக் கல்கட்டைத் தாண்டி வழிந்தால் அதைக் கோடி போகிறது என்பார்கள். அதைப் பார்க்காவிட்டால் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. போனோம். ஊரே கரையில் நின்றது. வழிந்து விழுகிற தண்ணீரை எதிர்த்து மீன்கள் துள்ள, பெண்கள் பழம்புடவையை விரித்து மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஒரு முனையையும் என் மகள் மறுமுனையையும் பிடித்து நின்றார்கள்.

திடீரென்று மகள் முனையை விட்டுவிட்டாள். அத்தையிடம் போய்க் காதில் என்னவோ சொன்னாள். நாத்தனார் பிடித்த மீனையெல்லாம் தண்ணீரோடு போகவிட்டு, மகளைத் துண்டால் போர்த்தி, அணைத்துக்கொண்டு கரையேறி என்னிடம் வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏம்மா, உன் பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டா."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எந்தத் தாய்க்கும் கண் நிறைகிற நேரம். எனக்கும் கண் நிறைந்தது, ஆனால் அதற்கில்லை. நான் இருந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இவளிடம் ஏன் முதலில் சொன்னாள்? வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். சடங்கு நடந்தபோதும் அத்தை முறைக்கு முதல் தண்ணீரை அவள்தான் ஊற்றினாள், பட்டுப்புடவை அவள்தான் எடுத்து வந்தாள். சபையில் எல்லார் முன்னாலும், "வேற எங்க போவா? எங்க வூட்டுக்குத்தான் வரப்போறா" என்றாள். சபை சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கியிருந்தன. மணல் தெரியாமல் ஜனம். வழக்கம்போல நாத்தனார் மகனோடு வந்துவிட்டாள். வழக்கம்போல என் பையனும் அவள் பையனும் அவளும் தண்ணீரை நோக்கிப் பாய்ந்தார்கள். மகளும் பாவாடை தாவணியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாத்தனார் திரும்பிப் பார்த்து, "நீ இருடி கண்ணு, அம்மாகூட. ஊரே இருக்குது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. திருவிழாவில் விற்கிற சிறுவள்ளிக்கிழங்கை வாங்கி, தோலுரித்து அவளுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தேன். கூட்டத்தில் போகிற பெண்களின் புடவையை எல்லாம் காட்டிப் பேசினேன். இத்தனை வருஷம் எனக்கென்று இல்லாத ஒரு துணை ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தாள். கூச்சமாக இருக்கும், பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கோடையில் மறுபடி கிணறு. மழை நன்றாகப் பெய்திருந்ததால் சித்திரையிலும் தண்ணீர் மேல்படிகள் வரைக்கும் நின்றது. பையன்கள் இரண்டு பேரும் மோட்டார் கொட்டகை மேலேயிருந்து மாறி மாறிக் குதித்தார்கள். நாத்தனாரும் குதித்தாள். நானும் மகளும் மேட்டில் வேப்பமர நிழலில் இருந்தோம். "இந்தப் புடவ எப்டி இருக்குது?" என்று என்னவோ கேட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

என் மகள் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிக்கிற தம்பியைப் பார்த்தாள், மிதக்கிற அத்தையைப் பார்த்தாள். தாடை இறுகி, மூக்கு விடைத்து, கண் இமைக்காமல். அந்த முகம் எனக்குத் தெரியாதா? இதே மேட்டில் இத்தனை வருஷமாக என் முகம் அப்படித்தானே இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த முகம் எதற்கு? எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், ஆனால் போய் இறங்கியது வழக்கமான இடத்தில்தான்.

நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டு மேலே வந்ததும் சொன்னேன். "அண்ணி, இவளும் எறங்கட்டும்."

"அது எப்டிம்மா? எம் பையன் இருக்கான். நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொன்னா?"

"பையனுங்கள மேல வரச் சொல்லுங்க. நொங்கு வெட்டிக்கினு வரட்டும்."

சொன்னாள். போனார்கள். அப்படியும் அவள் தலையாட்டவில்லை. "வேணாம்மா. என்னையும் இப்டித்தான் நிறுத்துனாங்க, எங்கப்பா வூட்ல. எங்க நெலம் எங்க கெணறுன்னு இங்க வந்தப்புறம்தான் மறுபடி எறங்குனேன். அவளும் கல்யாணம் பண்ணிக்கினு வந்து எறங்கட்டும், யாரு வேணான்றது?"

கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து! என் பெண் என் கண்ணெதிரே ஒரு தடவை நீந்த வேண்டுமென்றால் அதற்கு இவள் வீட்டுத் தாலி வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்று ஏறியது. எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினேன்.

"எங்கம்மா போற?" என்றாள் நாத்தனார்.

"குளிக்கத்தான். எனக்கும் வேக்குதில்ல? நீச்சல் தெரியாது, கூட ஒரு ஆளு எறங்கணும்."

"அடப்பாவமே, நான் வர்றேன் இரு."

"நீங்க வேணாம் அண்ணி. எம் பொண்ணு போதும்."

சொல்லிவிட்டேனே தவிர, முதல் படியில் பாசி காலில் பட்டதுமே உயிர் போய்விட்டது. மகள் எனக்கு முன்னால் ஓடி இறங்கி, திரும்பி நின்று, இரண்டு கைகளையும் நீட்டினாள். "கீழ பாக்காதம்மா. என்னையே பாரு." அவளையே பார்த்தேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. புடவை பலூன்போல எழும்பியது, அதை அவளே அமுக்கிவிட்டாள். கழுத்தளவு வந்ததும் என் கையைப் படி ஓரத்துக் கல்லில் வைத்து அழுத்தினாள். "இத்த கெட்டியா புடிச்சிக்கினு நில்லு. நான் ஒரே ஒரு வாட்டி போய்ட்டு வரட்டுமா?"

"போடி" என்றேன்.

தாவணியை வரிந்து கட்டிக்கொண்டு போனாள். நடுக்கிணற்றில் தலையைக் கவிழ்த்தாள், காணவில்லை. தண்ணீர் மூடிக்கொண்டது. கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அப்புறம் எதிர்ச் சுவர் ஓரத்தில் பொத்தென்று தலை எழும்பியது. முகத்தில் ஒட்டிய மயிரை வழித்துவிட்டு, ஆறு மாதமாக நான் பார்க்காத சிரிப்போடு அண்ணாந்து மேட்டைப் பார்த்தாள்.

"அத்தே! பாத்தியா?"

"பாத்தன்டி பாத்தன்! மூச்சு நல்லா நிக்குது!" அதுவரை வேண்டாம் என்று சொன்னவள் கையைத் தட்டிக்கொண்டு மேட்டில் குதித்தாள்.

கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில், கல்லைக் கட்டிப் பிடித்து, உயிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கு அங்கேயும் வயிறு எரிந்தது.

"இன்னொரு வாட்டி முழுகுடி" என்றேன். "நான் சரியாப் பாக்கல."